பச்சைக் கையெழுத்து

"எம்புள்ளைக்குப் பதினேழுதான் சார் ஆவுது. அப்பிடியே எழுதிக் குடுங்க" என்று சின்னப்பொண்ணு அழுதாள்.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் மகன் ஜெரால்ட், சண்டையில் சூப்பர்வைசரைத் தள்ளிவிட்டான். விழுந்தவர் இறந்துபோனார். ஜெரால்டுக்குப் பதினெட்டு ஆகியிருந்தால் புழல் சிறை. இல்லையென்றால் சிறுவர் இல்லம். வயதைச் சொல்ல வேண்டியவர் தடயவியல் டாக்டர் அன்புசெல்வன்.

"யார் அழுதாலும் பொய் எழுத மாட்டேன்மா. எலும்பு சொல்றதைத்தான் எழுதுவேன்."

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். மணிக்கட்டு எலும்பு இன்னும் முழுதாகச் சேரவில்லை.

"பதினேழுதான்" என்று பேனாவைத் திறந்தார்.

வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் பக்கத்திலிருந்து ஒரு தாளை நீட்டினார். "அப்ப இது இன்னா சார்? போன வருசம் வேலைக்குச் சேர்றப்பவே பதினெட்டு முடிஞ்சிடுச்சுன்னு சர்டிபிகேட் குடுத்துக்கிறான். பச்சை மையில யாரோ டாக்டர் கையெழுத்து. பேருதான் புரியல."

அன்புசெல்வனின் பேனா அப்படியே நின்றது. அதிலும் பச்சை மைதான்.

சின்னப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னிக்கும் இதே நாற்காலியாண்டதான் சார் அழுதேன். மனசு எரங்கிப் பொய் எழுதிக் குடுத்தீங்க. இன்னிக்கு நெசத்தை எழுதறதுக்கு இன்னா சார் யோசனை?"