விமானத்தின் முதுகில் பட்டி

மேசை விளக்கை மூக்கருகே இழுத்து வைத்துக்கொண்டு, முழங்கை நீளப் பிளாஸ்டிக் விமானம் ஒன்றுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருக்கிறார் வீட்டுக்காரர். பட்டி சீக்கிரம் காய்ந்துவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருப்பதால், தெருவில் போகிற சைக்கிள் மணிகூட அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விமானத்தின் இரண்டு பாதிகளும் ஒட்டிய இடத்தில், முதுகு நெடுக மயிரிழைப் பிளவு. அதை அடைக்க, இரண்டு வரிசையாக டேப் ஒட்டி, நடுவே சாம்பல்நிறப் பட்டியைக் குச்சியால் இழுக்கிறார்; தங்கம் நிறுக்கிறவர்கூட இவ்வளவு மூச்சை அடக்கமாட்டார். இனி மருந்தால் பிரயோஜனமில்லை என்று கண் டாக்டர் இன்று காலைதான் கையை விரித்தார். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று வீடு வரும்வரை மனைவியிடம் பேரம் பேசிக்கொண்டே வந்தவர் இவர். இப்போது டேப்பை மெல்ல உரிக்கிறார். பட்டி கோடு கிழித்ததுபோல் நேராக, பிசிறில்லாமல் நிற்கிறது. பிளவு அதற்குப் பக்கத்தில், ஒரு நகம் தள்ளி, அப்படியே திறந்து கிடக்கிறது.

"எப்படி இருக்கு? பாத்துச் சொல்லு."

பின்னால் நிற்கும் மனைவி, கடையில் நாலு குறை சொல்லாமல் ஒரு பூசணிக்காயைக்கூடக் கையில் எடுக்காதவள். குனிந்து பார்க்கிறாள். நிமிர நேரமாகிறது.

"அருமையா இருக்குங்க. ஒரு குறை சொல்ல முடியாது."

அவர் குச்சியைக் கீழே வைக்கிறார்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து உன் வாயால இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லையேடி," என்று சிரிக்கப் பார்க்கிறார். "அவ்வளவு மோசமாவா இருக்கு?"

அவள் பட்டி டியூபின் மூடியைத் தேடி எடுத்து, இறுகத் திருகுகிறாள்.