மஞ்சள் நெயில் பாலிஷ்

"வாப்பா, ஒரு நெயில் பாலிஷ் எடுங்க. பளிச்சுனு மஞ்சள்ல."

பபேடான் கடைத்தெருவில், தன் கடையில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்த பர்கத்துல்லா மகள் அப்ஸானாவை நிமிர்ந்து பார்த்தார். வீட்டுப் பெண்கள் அதைக் கேட்கவே கூடாது என்பது அவர் சட்டம்.

"நகத்துல தண்ணி படாது, தொழுகை சேராதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஊருக்கெல்லாம் விக்கிறீங்களே?"

"அது வியாபாரம். நாலு மணிக்கு நம்ம கோ வாஜித் அண்ணன் வீட்டுலேருந்து பொண்ணு பார்க்க வர்றாங்க. மருதாணி போட்டுக்க."

"மருதாணி அறுபதடி தூரத்துல தெரியாது."

"மாப்பிள்ளை என்ன, எதிர்த்த தெருவுலயா உக்காரப் போறாரு?"

அப்ஸானா தானே பாட்டிலை எடுத்து வலது கை நகங்களில் மட்டும் பூசினாள்.

"ஒத்தைக் கைக்கு என்ன அலங்காரம்?"

"அலங்காரம் இல்ல. நான் பேஸ்பால் கேட்சர். எந்தப் பந்து போடணும்னு, அறுபதடி தள்ளி நின்னு வீசுறவளுக்கு இந்த விரலாலதான் சைகை காட்டுவேன். ஜப்பான் டீமுக்குச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறாங்க. நாலு மணிக்கு மிங்கலாடோன் மைதானத்துல தேர்வு."

"காலேஜோட அந்த ஆட்டம் முடிஞ்சுதே!"

"அது நீங்க சொன்னது. நான் சொல்லல."

"வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"வர மாட்டாங்க. வேணாம்னு நேத்தே போன் பண்ணிட்டேன்."

ஈரம் காயாத விரல்களை விரித்தபடி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள்.