விசிலுக்குப் பின்னால் வந்தவர்கள்

மலைப் புல்வெளியில் மூடுபனி இறங்கி ஒரு மணி நேரம் ஆகியும் யாரும் தன்னோடு சண்டைக்கு வராதது நடைச் சங்கச் செயலாளர் தெய்வசிகாமணிக்கு அதிசயமாக இருந்தது. பதினாறு வருடங்களாக அவர் இடது என்றால் சங்கம் வலது என்னும், மேப்பைப் பிடுங்கும், பாதி வழியில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும். இன்றைக்கோ அவர் விசில் அடித்தால் பின்னால் மழைக்கோட்டுகள் சரசரவென்று ஓடி வந்தன, "நில்லுங்க" என்றால் நின்றன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவழியாகக் காற்று வீசிப் பனி விலகியதும் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு பேரில் ஒன்றுகூடத் தெரிந்த முகமில்லை. "நாங்க மதுரை சார். விசில் சத்தம் கேட்டுச்சா, எங்க லீடர்தான்னு பின்னாடியே வந்துட்டோம்," என்றாள் முன்னால் நின்ற பெண். "இனி எப்படிப் போகணும்னு நீங்களே சொல்லுங்க சார்." எதிர்ச்சரிவில் அவருடைய சங்கம் தெரிந்தது. தொப்பி போட்ட யாரோ ஒருவரைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு திசையில் கை காட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் இவர்களைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றி ஆட்டினார். தெய்வசிகாமணி விசிலை வாய்வரை கொண்டுபோனார். பள்ளத்திலிருந்து பனி மறுபடியும் மேலேறி வந்துகொண்டிருந்தது. விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். "வெரசலா நடங்க சாமி," என்றார், "மழை வர்றாப்பல இருக்குது."