பதின்மூன்றாம் தலம்

“மன்னிக்க ஏலாது ஃபாதர். என்ட பிள்ளையக் கத்தியால குத்தினவன நான் எப்பிடி மன்னிக்கிற?”

பாவசங்கீர்த்தனம் செய்ய மண்டியிட்டிருந்த யசிந்தா குரலை உயர்த்திவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் வற்புறுத்தல்ல அம்மா,” என்றார் ஃபாதர் மெதுவாக. “ஆனா இந்த வெறுப்போட உயிர்த்த ஞாயிறுக்கு நற்கருணை எடுக்கப் போறீங்களா?”

“அப்ப எடுக்கல்ல.”

எழுந்து நடந்தாள்.

தவக்காலம் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு ஒருநேரச் சாப்பாடுதான். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பாள். ஆனால் பதின்மூன்றாம் தலத்தில், இறந்த மகன் இயேசுவைத் தாயின் மடியில் கிடத்தும் இடத்தில், ஒவ்வொரு வாரமும் வெளியே வந்துவிடுவாள்.

நிரோசனையும் அப்படித்தான் அவள் மடியில் கிடத்தினார்கள். இருபத்திரண்டு வயது. ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போய்வந்த இருவருக்குள் கல்முனைக் கடற்கரையில் வாய்த்தர்க்கம். மீன் வெட்டும் கத்தி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. எட்டு மாதமாகிறது.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ஜெமீலா காத்திருந்தாள். கையில் சிறைச்சாலை முத்திரையிட்ட ஒரு கடிதம்.

“மறியல்ல இருந்து மறுகா வந்திருக்கு. தபால்காரர் என்னட்டத் தந்துட்டுப் போனார்.”

“அடுப்புல போடு.”

“இது நாலாவது. ஒருக்காப் பிரிச்சுப் பாரன்கா.”

யசிந்தா கை நீட்டவில்லை. ஜெமீலா தானே பிரித்து வாசித்தாள்.

“பெரிய வெள்ளிக்கு முன்னால ஒருக்கா உன்ட முகத்தப் பாக்கணுமாம். ஒருத்தரும் தன்னைப் பாக்க வாறல்லயாம்.”

“அவனப் பெத்தவள் செத்துப்போனாள். வேற ஆர் வருவாங்க?”

ஜெமீலா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

“நான் மன்னிக்கச் சொல்லல்ல யசிந்தா. முகத்துக்கு நேர ஏசிப்போட்டு வா. எங்கட நோன்பு பெருநாளோட முடிஞ்சுது. நீ இன்னும் பட்டினி கிடந்து உருகிறாய். இப்பிடியே போனா மௌத்தாகிருவாய். நாளைக்கு நானும் வாறன்.”

மறுநாள், புனித வாரத்துப் புதன்கிழமை, இருவரும் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினார்கள். யசிந்தாவின் கைப்பையில் ஜெபமாலை இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. என்ன சொல்லி ஏசுவது என்றே யோசித்துக்கொண்டு வந்தாள்.

“கடைசியா நிரோசன் தண்ணி கேட்டான். வாய்க்குள்ள போகல்ல. அதையும் சொல்லுவன்,” என்றாள் களுவாஞ்சிக்குடியைத் தாண்டும்போது.

“சொல்லு.”

“அவன் அழுதா நான் பாக்க மாட்டன்.”

“பாக்காத.”

சிறைச்சாலை வாசலில் காவலர் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார்.

“ஆரப் பாக்கணும்?”

யசிந்தா கடித உறையை அவர் முன்னால் வைத்தாள்.

“என்ட மகனக் கொன்டவன.”

காவலரின் பேனா நின்றது. உறையின் பின்புறத்தில் இருந்த கைதியின் பெயரைப் பார்த்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“அம்மா, செத்தவர்ட ஆக்கள உள்ளுக்கு விட ஏலாது. பிரச்சினை வரும். கைதிக்குச் சொந்தக்காரர் மட்டும்தான் பாக்கலாம். நீங்க வீட்ட போங்க.”

ஜெமீலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யசிந்தா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதமாக அவள் யாரிடமும் சொல்லாத சொல் அது.

“சொந்தம்தான் ஐயா,” என்றாள். “அவனும் என்ட வயித்துல பிறந்தவன்தான். மூத்தவன்.”