கோபமே வராத மனிதர்

தொண்ணூறு வயதில் காலமான அப்பாவின் நினைவுக் கூட்டத்தில் மூத்த மகன் மைக்கைப் பிடித்தார்.

"எங்கப்பா முகத்துல சிரிப்பைத் தவிர நாங்க எதையும் பார்த்ததில்லை. வீட்டுல யாரையும் அதட்டிக்கூடப் பேசினதில்லை. குடும்பம்னா அவருக்கு உயிர்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியபோது, கடைசி வரிசையில் ஒருவர் தேம்பித் தேம்பி அழுவது தெரிந்தது. அப்பா வேலை பார்த்த அச்சகத்தின் பைண்டர். மகன் பெருமை பொங்க அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உங்ககிட்டயும் அப்பா அவ்வளவு பிரியமா இருந்தாரா?"

"பிரியமா? தினமும் காலையில வந்து என்னை வறுத்தெடுப்பாரு சார்."

"அவர் ரிட்டயராகி எவ்வளவோ காலமாச்சே! காலையில வாக்கிங்தானே போவாரு?"

"வாக்கிங்கே அச்சகத்துக்குத்தான். 'தலை நரைச்சும் அப்பன் பென்ஷன்ல உக்காந்து சாப்பிடறியே, வெட்கமா இல்ல? கட்டினவ சொல்றதை ஒரு நாளாவது காதுல வாங்கியிருக்கியாடா?'ன்னு கத்துவாரு. தொண்டை வறண்டதும் ஒரு டீயைக் குடிச்சிட்டு, சிரிச்ச முகமா வீட்டுக்குக் கிளம்பிடுவாரு."

"அடப்பாவமே! பொண்டாட்டி பேச்சைக் கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா நீங்க?"

பைண்டர் மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"எனக்குக் கல்யாணமே ஆகலையே சார். அவ்வளவும் உங்களுக்கு விழ வேண்டிய திட்டு."

மகனின் முகம் சுண்டிப்போனது. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, பைண்டர் பக்கமாகக் குனிந்தாள்.

"அண்ணே, அச்சகம் காலையில எத்தனை மணிக்குத் திறப்பீங்க? நாளையிலேர்ந்து நான் ஒரு எட்டு வந்துட்டுப் போறேன்."