பாயின்ட் ஏறாத டிக்கெட்

மெர்லினின் தங்கை கல்யாணத் தேதி மாறியதால், அவள் கணவன் செல்வின் தங்கள் இருவருடைய விமான டிக்கெட்டையும் மாற்றியிருந்தான். மாற்றிய டிக்கெட்டில், பயணத்துக்குப் பயணம் பாயின்ட் சேர்க்கும் தன் உறுப்பினர் எண் இல்லாததை மெர்லின் மஸ்கட் விமான நிலையத்தில்தான் கவனித்தாள். கணவன் பெட்டிகளுக்கு பிளாஸ்டிக் உறை சுற்றப் போயிருந்த நேரத்தில் டிக்கெட் கவுன்டருக்குப் போனாள்.

அங்கிருந்த தமிழ்ப் பெண் கணினியைப் பார்த்தாள். "நம்பர் சேத்தாலும் பாயின்ட் ஏறாதுக்கா. உங்க கிளாஸ் மாறியிருக்கு. இருக்கறதுலயே மலிவான ஒன்வே."

"ஒன்வேயா? இருபதாம் தேதி ரெண்டு பேரும் மஸ்கட்டுக்குத் திரும்பி வர்றோமே."

"சார் வர்றாங்க. உங்க ரிட்டர்ன் மட்டும் கேன்சல் ஆயிருக்கு."

ஏதோ தவறு நடந்திருக்கும் என்று நம்பப் பார்த்தாள். ஆனால் நேற்று அவன் அவளுடைய கல்லூரிச் சான்றிதழ்களையும் அவள் பெட்டிக்குள் வைத்திருந்தான். கேட்டதற்கு, "சும்மா இருக்கட்டும்" என்றான்.

தூரத்தில் செல்வின் அவளைப் பார்த்துக் கையசைத்தான். அவளும் அசைத்தாள்.

"என் கணக்குல இருக்கற பாயின்ட்டுக்கு ஒரு டிக்கெட் வருமா?"

"தாராளமா வரும்."

"இருபதாம் தேதிக்குப் போடுங்க. அவருக்குப் பக்கத்து சீட்."

"மெசேஜ் சார் நம்பருக்குத்தான் போகும், பரவாயில்லையா?"

"அதை எடுத்துடுங்க" என்று மெர்லின் தன் எண்ணைச் சொன்னாள்.