விரிசல் தட்டு

தட்டில் விரிசல் இருக்கிறது என்று அப்துல் ஜப்பார் சொன்னபோது, அது பொய் என்று அந்தக் கூடத்தில் இன்னும் ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது சடையப்பன்.

பழவேற்காட்டில் சாலிஹாவின் வீடு அது. நீலப் பூப்போட்ட பெரிய சீனத்துப் பீங்கான் தட்டு, அவள் புருஷன் குடும்பத்தில் நாலு தலைமுறையாக இருப்பது. அந்த வீட்டில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் சோறு சாப்பிடுவது அதில்தான். அடுத்த மாதம் மகள் ரஷீதாவுக்குக் கல்யாணம்.

ஆனால் புருஷன் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம். வீட்டில் இப்போது அவன் அண்ணன் ஹபிபுல்லா வைத்ததுதான் சட்டம். அவருக்குப் புது வலை வாங்க வேண்டும். தட்டை விற்றுவிடலாம் என்றார். சாலிஹா திரைக்குப் பின்னால் நின்று அழுதாளே தவிர, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

புதுவாயல் சடையப்பன் பழம்பொருள் தரகர். வெள்ளைக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கும் மவுண்ட் ரோடு கடைக்காரர் ஆதிநாராயணனை, காரில் கூட உட்கார்ந்து அழைத்து வந்தது அவர்தான். வந்த இடத்தில் ஆதிநாராயணன், பீங்கான் என்றால் உள்ளூர்ப் பழம்பொருள் வியாபாரி ஜப்பார் பாய் பார்த்துச் சொன்னால்தான் வாங்குவேன் என்று ஆள் அனுப்பிவிட்டார்.

சடையப்பனுக்கு வயிறு எரிந்தது. ஜப்பாரோடு பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷம். திருவள்ளூரில் ஒரு பழைய வீட்டு வாசல்கதவை விறகு விலைக்குப் பேசி, சடையப்பன் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன ஜப்பார், அது நல்ல செதுக்கு வேலை, பத்து மடங்கு போகும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். கதவு திரும்ப வீட்டுக்குள் போனது. பிழைப்பில் மண் போட்டவனை எப்படி மறப்பது?

நல்ல பீங்கானை மூன்று விரல் நுனியில் நிறுத்திச் சுண்டினால் மணி மாதிரி கேட்கும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை இது.

ஜப்பார் விரல் நுனியில் நிறுத்தவில்லை. உள்ளங்கை முழுக்க அடியில் பதியப் பிடித்துக்கொண்டு சுண்டினார். அப்படிப் பிடித்தால் எந்தத் தட்டும் பேசாது.

டொக் என்றது.

"உள்விரிசல் சார். கண்ணுக்குத் தெரியாது. கப்பல் ஏறுறதுக்குள்ள ரெண்டாப் பூடும்" என்றார் ஜப்பார்.

ஆதிநாராயணன் காருக்குப் போய்விட்டார். ஹபிபுல்லா, இந்த ஓட்டைத் தட்டுக்கா இத்தனை நாள் காவல் காத்தோம் என்று முனகிக்கொண்டே ஏரிப் பக்கம் நடந்தார்.

சடையப்பன் ஜப்பாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பார் நிமிர்ந்து அவரை ஒரு தரம் பார்த்தார்.

ராத்திரி சாப்பிடும்போது சடையப்பன் தன் மனைவி சின்னப்பொண்ணிடம் முழுக்கச் சொல்லி முடித்தார்.

"விரிசல்னு சொல்லிட்டு, நாலு நாள் கழிச்சு அவனே போயி சும்மா தூக்கினு வருவான் பாரு. புருஷன் இல்லாத பொம்பளய ஏமாத்தறான். இவன்தான் அஞ்சு வேளை தொழுவுறவன்."

"தெரியுதில்ல? அங்கியே சொல்றதுக்கு இன்னா?" என்றாள் அவள்.

ரசம் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பழவேற்காட்டில் இறங்கினார். ஜப்பார் முந்திக்கொள்வதற்குள் போய்விட வேண்டும். அவன் கொடுப்பதைவிட ரெண்டு ரூபாய் கூடவே கொடுத்துவிடலாம், அது அந்த அம்மாவுக்கு நல்லதுதானே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார்.

ஹபிபுல்லா வீட்டில் இல்லை. மீன் ஏலத்துக்குப் போயிருந்தார். சாலிஹா திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். ஜப்பார் வந்தாரா என்று சடையப்பன் கேட்டார். இன்றைக்கு வரவில்லை என்றாள். அவருக்கு நிம்மதியாக இருந்தது.

"அந்தத் தட்டும்மா. விரிசல் உட்டது ஒரு நயா பைசா பெறாது. கல்யாண ஊட்ல உடைஞ்ச சாமான் இருக்கவும் கூடாது. நான் வேணா ஒரு பத்து ரூபா கொடுத்து எடுத்துனு போறேன்."

சாலிஹா, உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டுப் பாய் விரிக்கச் சொன்னாள்.

"உக்காருங்கண்ணே. விரிசல்னு சொன்னாத்தான் ஹபிபுல்லா மச்சான் அதைத் தொட மாட்டாரு, புள்ள கல்யாணம் வரைக்கும் ஊட்டோட இருக்கும்னு ஜப்பார் பாய் நேத்து போறப்பவே சொல்லிட்டாரு."

சடையப்பன் எழுந்து செருப்பைத் தேடினார்.

"இன்னொண்ணும் சொன்னாரு. காலைல ஒருத்தர் வந்து விரிசல் தட்டைக் கேப்பாரு. அதுல விரிசல் இல்லேன்னு அவருக்கும் தெரியும். தட்டைக் கொடுத்துடாதேன்னாரு."

"யாருன்னு சொன்னாரா?"

"பேரு சொல்லலண்ணே. முதல் பஸ்ஸுல வெறும் வயித்தோட வந்திருப்பாரு, நாஷ்டா கொடுத்து அனுப்புன்னு மட்டும் சொன்னாரு."